தெருவின் காற்றை யார் அளப்பது? வேளச்சேரியை முன்வைத்துச் சில விளக்கங்கள்

சென்னையில் காற்று மாசு என்றால் எண்ணூர், மணலி என்று கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடுவது நம் வழக்கம். அனல்மின் நிலையங்களும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலைகளும் அங்கே இருப்பதால் அதில் நியாயமும் இருக்கிறது. வடசென்னை மக்கள் பல தலைமுறைகளாகச் சுமந்துவரும் பாரத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் புகைபோக்கி ஒன்றுகூடக் கண்ணில் படாத, வீடும் கடையும் பள்ளிக்கூடமுமாக நெருக்கியடித்துக் கிடக்கும் குடியிருப்புப் பகுதிகளில் மக்கள் எதைச் சுவாசிக்கிறார்கள்? இந்தக் கேள்வியை நாம் கேட்பதே அரிது. கேட்டாலும், கைப்பேசிச் செயலி காட்டும் ஒற்றை எண்ணோடு திருப்தி அடைந்துவிடுகிறோம்.

வேளச்சேரியை எடுத்துக்கொண்டு இந்தக் கேள்வியைப் பார்க்கலாம். வடக்கே கிண்டிக் காடும் ஐஐடி வளாகமும். தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். அந்தச் சதுப்புநிலத்தின் ஓரத்திலேயே பெருங்குடிக் குப்பைக் கிடங்கு. நடுவில் மேம்பாலங்கள், பறக்கும் ரயில் நிலையம், நள்ளிரவுவரை ஓயாத போக்குவரத்து. கிழக்கே சில கிலோமீட்டர் போனால் கடல். காற்றைச் சுத்தம் செய்பவையும் கெடுப்பவையும் இப்படி அருகருகே அமைந்த பகுதி வேறு எளிதில் கிடைக்காது. அத்தோடு, மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் பட்டியலில் 'வேளச்சேரி குடியிருப்புப் பகுதி' என்ற பெயரிலேயே ஒரு தானியங்கிக் கண்காணிப்பு நிலையம் இடம்பெற்றிருக்கிறது.

ஆலந்தூர், மணலி, வேளச்சேரி, அரும்பாக்கம், கொடுங்கையூர், பெருங்குடி, இராயபுரம், எண்ணூர் என்று சென்னையில் பல ஆண்டுகளாக இயங்கிவரும் இத்தகைய நிலையங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மத்திய வாரியம் சிலவற்றையும் தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் மற்றவற்றையும் நடத்துகின்றன. மாநகராட்சியின் பரப்போ 426 சதுர கிலோமீட்டர், வார்டுகள் 200. அண்ணா மேம்பாலத்தை ஒட்டிய அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் கருவி பல ஆண்டுகள் மணிக்கு மணி அளவுகளை வெளியிட்டு வந்தது. 2025 மார்ச்சில் அமெரிக்க வெளியுறவுத் துறை உலகம் முழுவதும் அந்த வெளியீட்டை நிறுத்தியபோது அந்த ஒப்பீட்டுப் புள்ளியும் கையைவிட்டுப் போனது. ஆக, ஒரு சராசரிச் சென்னைவாசிக்கு மிக அருகில் இருக்கும் நிலையமே பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

எதை அளக்கிறோம்?

பிஎம் 2.5 என்பது 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான விட்டம் கொண்ட துகள்களின் மொத்த எடை. ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் என்று கணக்கிடுகிறார்கள். இது ஒரே பொருள் அல்ல என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். டீசல் புகையின் கரி, குப்பை எரிந்த சாம்பல், விறகடுப்புப் புகை இவை நேராகக் காற்றில் கலப்பவை. அனல்மின் நிலையங்களும் வாகனங்களும் வாயுவாக வெளியிடும் கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகள் வானில் மிதந்தபடியே வேதிமாற்றம் அடைந்து சல்பேட், நைட்ரேட் துகள்களாவதும் உண்டு. பின்னவை பிறந்த இடம் ஒன்றாகவும் போய்ச் சேரும் இடம் பல பத்து கிலோமீட்டர் தள்ளியும் இருக்கலாம். எண்ணூரின் புகைபோக்கிக்கும் வேளச்சேரியின் மூச்சுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாதது இதனால்தான்.

மூக்கும் தொண்டையும் பெரிய தூசியைத் தடுத்துவிடும். இந்த நுண்துகள்கள் நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள்வரை இறங்குகின்றன. மிகச் சிறியவை இரத்தத்திலும் கலக்கின்றன. ஆஸ்துமா மட்டுமல்ல, மாரடைப்பும் பக்கவாதமும் இவற்றோடு தொடர்புடையவை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-இல் வெளிக்காற்று மாசையும் அதிலுள்ள துகள்களையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் வகையில் சேர்த்தது.

இந்தியாவின் வரம்பு 2009-இல் வகுக்கப்பட்டது: ஆண்டுச் சராசரி 40, ஒரு நாள் சராசரி 60 மைக்ரோகிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2005-இல் ஆண்டுக்கு 10 என்று சொல்லியிருந்ததை 2021-இல் 5 ஆகக் குறைத்தது; ஒரு நாளுக்கு 15. சென்னை நிலையங்கள் பலவற்றின் ஆண்டுச் சராசரி 40-க்குக் கீழே அமைவதால் 'நாம் டெல்லி அல்லவே' என்ற ஆறுதல் இங்கே வேரூன்றிவிட்டது. அந்த ஆறுதல் எனக்குக் கவலை தருகிறது. மாசின் அளவுக்கும் உடல் பாதிப்புக்கும் உள்ள உறவு நேர்கோடு அல்ல. குறைந்த அளவுகளில்தான் வளைகோடு செங்குத்தாக ஏறுகிறது, மிக உயர்ந்த அளவுகளில் சற்றே படுக்கிறது. அதாவது 120-இலிருந்து 110 ஆகக் குறைவதைவிட, 35-இலிருந்து 25 ஆகக் குறைவதால் காக்கப்படும் உயிர்கள் விகிதத்தில் அதிகம். ஓரளவு சுத்தமான ஊர் இன்னும் சுத்தமாவதில் நன்மை மிச்சமில்லை என்பது தவறான கணக்கு.

காற்றுத் தரக் குறியீடும் இந்த மயக்கத்துக்குத் துணைபோகிறது. 2015-இல் நாடு தழுவி அறிமுகமான இந்தக் குறியீட்டில், 24 மணிநேர பிஎம் 2.5 சராசரி 30 வரை இருந்தால் முதல் வகை, 31 முதல் 60 வரை 'திருப்திகரம்'. ஆகவே 55 மைக்ரோகிராம் காற்றைச் சுவாசித்த நாளிலும் பச்சை நிறமே தெரியும். அது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு நாள் அளவைப்போல மூன்றரை மடங்குக்கும் மேல்.

நிலையத்துக்குள் என்ன நடக்கிறது?

எடை போடுவதுதான் ஆதாரமான முறை. ஒரு வடிதாளின் வழியே 24 மணிநேரம் காற்றை இழுத்து, முன்னும் பின்னும் நுண்தராசில் நிறுத்துப் பார்ப்பார்கள். நம்பகமானது, ஆனால் நாளுக்கு ஓர் எண் மட்டுமே கிடைக்கும். தேசிய கண்காணிப்புத் திட்டத்தின் கைமுறை நிலையங்கள் இப்படி வாரத்துக்கு இரண்டு நாள், ஆண்டுக்கு 104 முறை அளக்கின்றன. மீதி 261 நாட்களின் காற்று எவர் கணக்கிலும் ஏறாமல் போகிறது.

தானியங்கி நிலையங்களில் பரவலாக இருப்பது பீட்டா கதிர்க் கருவி. கூரைமேல் நீண்டிருக்கும் குழாய் நிமிடத்துக்கு 16.7 லிட்டர், அதாவது மணிக்குச் சுமார் ஒரு கன மீட்டர் காற்றை இழுக்கிறது. வழியில் ஒரு சுழல்பிரிப்பான் பெரிய துகள்களைச் சுழற்றி ஒதுக்குகிறது. ஈரத்தை விரட்டக் குழாய் இலேசாகச் சூடாக்கப்படுகிறது. மீதித் துகள்கள் ஒரு வடிதாள் நாடாவில் படிகின்றன. கார்பன்-14 இலிருந்து வரும் பீட்டா கதிர் அந்த நாடாவை ஊடுருவும்போது, படிந்த எடைக்கு ஏற்ப மங்குகிறது. மங்கலின் அளவே துகளின் எடை. மணி ஒன்று முடிந்ததும் நாடா சற்று நகர்ந்து புதிய இடம் கொடுக்கிறது.

பயன்படுத்தி முடித்த நாடாவை விரித்துப் பார்த்தால் அது ஒரு நாட்குறிப்பு. வெள்ளை நாடாவில் சட்டைப் பித்தான் அளவில் வரிசையாக வட்டங்கள். பிற்பகலின் வட்டங்கள் வெளிர்சாம்பல். காலைப் போக்குவரத்து நேரத்தின் வட்டங்கள் நல்ல சாம்பல். கரி மிகுந்த புகை வந்த மணியின் வட்டம் ஏறக்குறையக் கறுப்பு. நிறத்தின் அடர்த்தி எடையை அப்படியே காட்டாது, ஏனென்றால் சல்பேட் வெண்மையானது. என்றாலும் டீசலும் நெருப்பும் எந்த நேரத்தில் வந்துபோயின என்பதை வெறுங்கண்ணால் படித்துவிடலாம். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய பொருள் இது என்று நினைக்கிறேன்.

இந்தக் கருவிகளைக் கொண்ட ஒரு முழுமையான நிலையத்துக்குக் கோடி ரூபாய் அளவில் செலவாகும். குளிரூட்டிய அறை, தடையற்ற மின்சாரம், பயிற்சி பெற்ற ஆட்கள், ஓயாத பராமரிப்பு எல்லாம் தேவை. தெருவுக்கு ஒன்று வைக்கவே முடியாது. வைக்கும் நிலையத்தையும் வாரிய விதிகளின்படி காற்று தடையின்றி வீசும் இடத்தில், தரையிலிருந்து 3 முதல் 10 மீட்டர் உயரத்தில் குழாய் அமையும்படி, மரங்களையும் நேரடிப் புகையையும் விட்டு விலக்கி வைக்க வேண்டும். சரியான விதிதான். ஒரு பகுதியின் பொதுவான காற்றைப் பிடிப்பதே நிலையத்தின் வேலை. ஆனால் அந்தப் பொதுவான காற்றில் யாரும் வாழ்வதில்லை. விஜயநகர் பேருந்து நிலையத்தின் எதிரே நாள் முழுவதும் பூ விற்கும் பெண்மணியின் காற்றும், நான்கு தெரு உள்ளே வேப்பமர நிழலில் இருக்கும் வீட்டின் காற்றும் ஒன்றல்ல. முதன்மைச் சாலையின் ஓரத்திலிருந்து நூறு இருநூறு மீட்டர் உள்ளே போனாலே வாகனப் புகையின் அளவு வெகுவாகக் குறைந்துவிடும்.

நேரமும் காற்றின் திசையும்

இடத்தைவிடப் பெரிய வேறுபாடு நேரத்தில் இருக்கிறது. சென்னையின் பகல்பொழுதில் கடல்காற்று உள்ளே நுழைந்ததும் நுண்துகள் அளவு மளமளவென்று இறங்கும். வெயிலில் தரை சூடேறிக் காற்று மேலெழும்புவதால், ஆயிரம் மீட்டரையும் தாண்டிய உயரம்வரை மாசு கலந்து நீர்த்துப்போகிறது. இரவில் இது தலைகீழாகிறது. தரை குளிர்ந்து, காற்று அசைவற்று, மாசு கலக்கும் அடுக்கு சில நூறு மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. மார்கழி, தை மாதங்களின் அதிகாலையில் இந்தச் சுருக்கம் உச்சத்தில் இருக்கும். அதே அளவு புகை, அதைவிடச் சிறிய அறை. காலை நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் 'சுத்தமான காற்று' என்று நம்பி மூச்சை இழுத்துவிடும் 5 மணி முதல் 8 மணி வரையான நேரம்தான் குளிர்காலச் சென்னையில் பல நாட்களில் மிகக் கெட்ட நேரம். இதைக் கேட்டுப் பெரியவர்கள் சிலர் நம்ப மறுப்பதை நான் பார்த்திருக்கிறேன். பனியின் குளிர்ச்சியைத் தூய்மை என்று உடல் எடுத்துக்கொள்கிறது.

போகி இதற்கு உச்சகட்ட எடுத்துக்காட்டு. ஆண்டிலேயே காற்று மிகவும் தேங்கி நிற்கும் பருவத்தில், நாளிலேயே மிகவும் தேங்கி நிற்கும் நேரத்தில், பாயும் துணியும் சில இடங்களில் டயரும் எரிக்கப்படுகின்றன. பனியும் புகையும் சேர்ந்து விமானங்கள் தரையிறங்க முடியாமல் போன போகிகள் உண்டு. இந்தக் காலையைச் சராசரி என்ன செய்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விடியற்காலை 3 மணிநேரம் 300 மைக்ரோகிராம், மீதி 21 மணிநேரம் 35 என்று வைத்துக்கொண்டால், நாள் சராசரி 68. குறியீட்டில் அது 'மிதமான' நாள். அந்த 3 மணிநேரத்தில் மூச்சுத்திணறி மருத்துவமனைக்கு ஓடிய குழந்தைக்கு அது மிதமான நாள் அல்ல. நாள் சராசரி பொய் சொல்லவில்லை. ஆண்டு முழுவதும் உடலில் சேரும் சுமையைக் கணக்கிட அதுவே சரியான அளவு. ஆனால் எந்த நெருப்பை அணைக்க வேண்டும் என்று அது காட்டித்தராது.

தீபாவளியில் நேரக் கட்டுப்பாடு வந்ததற்கும் இந்த வானிலைக்கும் உள்ள தொடர்பைக் கவனிக்க வேண்டும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு இரவு 8 முதல் 10 வரை என்று வரையறுத்தது. அதிகாலையில் கொண்டாடும் நம் வழக்கத்தைத் தமிழ்நாடு எடுத்துச் சொன்ன பிறகு, நாளுக்கு இரண்டு மணிநேரத்துக்கு மிகாமல் மாநிலமே நேரத்தைத் தேர்ந்துகொள்ள அனுமதி கிடைத்தது. காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று அரசு அறிவித்தது. வானிலையை மட்டும் பார்த்தால், காற்று ஓரளவாவது வீசும் பிற்பகல்தான் புகை விரைவில் கலைய ஏற்ற நேரம்.

திசைக்கு வருவோம். பெருங்குடிக் கிடங்கு வேளச்சேரிக்குத் தென்கிழக்கே இருக்கிறது. கோடையின் பிற்பகல் கடல்காற்று தென்கிழக்கிலிருந்துதான் வீசும். அதாவது, மற்ற நாட்களில் வேளச்சேரியைக் காப்பாற்றும் அதே காற்று, கிடங்கு எரியும் நாளில் புகையைச் சுமந்து வந்து கொட்டும். 2022 ஏப்ரல் கடைசியில் அங்கே பற்றிய தீ பல நாட்கள் புகைந்தது. குப்பைமேட்டுத் தீ மேற்பரப்பில் அணைந்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். அந்தப் புகையில் பிளாஸ்டிக்கின் நச்சும் கலந்திருக்கும். சதுப்புநிலத்துக்குள் குப்பை கொட்ட அனுமதித்த பழைய முடிவின் விலையைச் சுற்றியிருக்கும் குடியிருப்புகள் மூச்சாகக் கட்டுகின்றன.

மலிவுக் கருவிகளை எவ்வளவு நம்பலாம்?

சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு சென்சார்கள் இங்கேதான் உள்ளே வருகின்றன. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் 2015 வாக்கில் குடிமக்கள் தாங்களே கருவி கட்டித் தொடங்கிய வலையமைப்பும், அமெரிக்காவின் யூட்டாவில் தொடங்கிய பர்ப்பிள்ஏர் வலையமைப்பும் இத்தகைய கருவிகளை வீடுகளின் வெளிச்சுவருக்குக் கொண்டுசேர்த்தன. இந்தியாவிலும் குடியிருப்போர் சங்கங்களும் பள்ளிகளும் இவற்றைப் பொருத்தி வருகின்றன.

கருவியின் உள்ளே இருப்பது தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு பெட்டி. ஒரு சின்ன விசிறி காற்றை இழுக்கிறது; ஒரு லேசர் கற்றையின் குறுக்கே துகள்கள் கடக்கின்றன; அவை சிதறடிக்கும் ஒளியை ஓர் ஒளியுணரி பிடிக்கிறது. ஓட்டு வீட்டுக் கூரை இடுக்கில் இறங்கும் வெயில் கீற்றில் தூசி மினுங்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தத்துவம் புரியும். மினுக்கத்தின் வலிமையிலிருந்து துகள்களின் எண்ணிக்கையையும் அளவையும் ஊகித்து, அவற்றின் அடர்த்தி இன்னதென்று வைத்துக்கொண்டு, எடையாக மாற்றிச் சொல்கிறது கருவி. ஆக, இது எடை போடவில்லை. எடையை ஊகிக்கிறது. ஊகத்தின் அடிப்படை தவறினால் எண்ணும் தவறும்.

சென்னையில் அந்த அடிப்படையைத் தவறச் செய்வது ஈரப்பதம். சல்பேட் போன்ற உப்புத் துகள்கள் ஈரக் காற்றில் நீரை உறிஞ்சி உப்பிப் பெருக்கின்றன. உப்பிய துகள் அதிக ஒளியைச் சிதறடிக்கும். கருவி அதை அதிக மாசு என்று படிக்கும். நிலையத்தின் பீட்டா கருவி குழாயைச் சூடாக்கி இந்த நீரைப் போக்கிவிடுகிறது. மலிவுக் கருவியில் அந்த வசதி கிடையாது. விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தொடும் ஊரில், உண்மையான மாசும் உச்சத்தில் இருக்கும் அதே நேரத்தில், கருவியின் பிழையும் உச்சத்தைத் தொடுகிறது. இரண்டையும் பிரித்தறியாமல் படம்பிடித்துப் பகிர்வதால் வீண் பீதியும், பிறகு அதை மறுக்கும் அதிகாரிகளுக்கு எளிய வாய்ப்பும் உண்டாகின்றன.

இதற்குத் திருத்தச் சமன்பாடுகள் உண்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, தன் நிலையங்களுக்குப் பக்கத்திலேயே பர்ப்பிள்ஏர் கருவிகளை நிறுத்தி ஒப்பிட்டு உருவாக்கிய சமன்பாடு ஒன்று: கருவியின் அளவை 0.524 ஆல் பெருக்கி, ஈரப்பதத்தை 0.0862 ஆல் பெருக்கிக் கழித்து, 5.75-ஐக் கூட்ட வேண்டும். கருவி 80 என்று காட்டி ஈரப்பதமும் 80 விழுக்காடாக இருந்தால், திருத்திய அளவு ஏறக்குறைய 41. பாதி! ஆனால் இதை அப்படியே சென்னைக்கு எடுத்துக்கொள்வதும் தவறு. அங்குள்ள துகள்களின் கலவை வேறு, நம்முடையது வேறு. நம் ஊருக்கான திருத்தத்தை நம் நிலையங்களோடு ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். நிலையத்தின் கூரையில் சில வாரங்கள் கருவியை வைத்துப் பார்க்க வாரியம் இடம் கொடுத்தால் அதுவே சிறந்த வழி. அது கிடைக்காதபோது, கடல்காற்று பலமாக வீசும் பிற்பகல் மணிகளை எடுத்துக்கொள்ளலாம். காற்று நன்கு கலந்திருக்கும் அந்த நேரத்தில் அக்கம்பக்கத் தெருக்களுக்கிடையே வேறுபாடு மிகக் குறைவு. உங்கள் கருவி நிலையத்தின் அளவிலிருந்து தொடர்ந்து எவ்வளவு விலகுகிறது என்பதிலிருந்து அதன் சாய்வை ஓரளவு கணிக்கலாம். ஒரே இடத்தில் இரண்டு கருவிகளை வைப்பதும் நல்லது. இரண்டும் வெவ்வேறு திசையில் போகத் தொடங்கினால் ஒன்றுக்குள் தூசியோ எறும்போ சிலந்தியோ குடியேறிவிட்டது என்று தெரிந்துவிடும்.

மற்றொரு குறை பலருக்கும் தெரியாதது. இந்தக் கருவிகள் பெரிய துகள்களைச் சரியாகப் பார்ப்பதில்லை. பிஎம் 10 (10 மைக்ரோமீட்டர்வரை விட்டம் கொண்ட துகள்கள்) என்று திரையில் ஓர் எண் வந்தாலும், அது பெரும்பாலும் சிறு துகள்களின் அளவிலிருந்து கணித்துச் சொல்வதே. மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கம் மெட்ரோ ரயில் பணியால் வீட்டுத் திண்ணையில் தினமும் தூசி படியும்போது, கருவி மட்டும் நல்ல காற்று என்று காட்டினால் மக்கள் கருவியைத் திட்டுவார்கள். கட்டுமானத் தூசியில் பெரும்பங்கு 2.5 மைக்ரோமீட்டரைவிடப் பெரியது. கண்ணும் சரி, கருவியும் சரி. இரண்டும் வெவ்வேறு மாசைப் பார்க்கின்றன. தூசிப் புகாருக்கு இந்தக் கருவியைச் சாட்சியாக வைக்கக் கூடாது.

எண்ணைவிட வடிவம் முக்கியம்

இவ்வளவு குறைகளும் இருந்தும் நான் இந்தக் கருவிகளின் பக்கம் நிற்கிறேன். காரணம் எளிது. 'இப்போது எவ்வளவு?' என்ற கேள்விக்கு அவை தடுமாறும். 'எப்போது ஏறுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எந்தத் தெருவில் முதலில் ஏறுகிறது?' என்ற கேள்விகளுக்கு அவை நன்றாகவே பதில் சொல்லும். ஈரப்பதத்தால் வரும் பிழை மணிக்கணக்கில் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். பக்கத்து மனையில் எரியும் குப்பையோ ஐந்து நிமிடத்தில் செங்குத்தாக ஏறி அரைமணியில் இறங்கும். ஒரு தெருவில் உள்ள கருவி மட்டும் குதித்து மற்றவை அசையாமல் இருந்தால் மூலம் அந்தத் தெருவிலேயே இருக்கிறது. எல்லாக் கருவிகளும் சேர்ந்து ஏறினால் அது ஊர்ப்பொது. காற்றின் திசையைப் பார்க்க வேண்டும்.

இப்படிப் படிக்கக் கருவியை வைக்கும் இடம் ஒழுங்காக இருக்க வேண்டும். சமையலறைப் புகைவிசிறியின் பக்கத்தில் வைத்தால் தாளிப்புக்குத் தாளிப்பு வரைபடம் குதிக்கும். தரைத்தள வாசலில் வைத்தால் மாலை ஆறரைக்குக் கொசுவர்த்திச் சுருளும் வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் ஊரின் மாசாகப் பதிவாகும். (கொசுவர்த்தியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம்: ஒரு சுருள் வெளியிடும் நுண்துகளின் எடை 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடுவதற்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. மூடிய அறையில் குழந்தை தூங்கும்போது அதை ஏற்றுவது வெளிக்காற்றின் எந்த மாசையும்விட மோசமானதாகிவிடலாம்.) முதல் மாடி அல்லது இரண்டாம் மாடி உயரத்தில், மழை படாத, நேர் வெயில் விழாத, குளிர்சாதனப் பெட்டியின் வெளியலகை விட்டு விலகிய, காற்று தாராளமாக வரும் சுவர் போதும். ஒரு குடியிருப்புப் பகுதிக்கு முதன்மைச் சாலையோரம் ஒன்று, உள்தெருவில் ஒன்று, குப்பை சேரும் காலிமனைக்கு அருகில் ஒன்று, பள்ளி வளாகத்தில் ஒன்று என்று நான்கைந்து கருவிகள் இருந்தாலே படம் தெளிவாகத் தொடங்கிவிடும்.

பதிவுகளைத் திருத்துவதற்கு முன் இருந்த மூல எண்களோடும், ஈரப்பதம், வெப்பநிலை, நேரம் ஆகியவற்றோடும் சேர்த்துச் சேமிக்க வேண்டும். நாளை மேலான திருத்தச் சமன்பாடு கிடைத்தால் பழைய பதிவுகளையும் மீண்டும் கணக்கிட்டுக்கொள்ளலாம். நிமிட அளவுகளை மூலம் தேடுவதற்கும், மணிச் சராசரியை நிலையத்தோடு ஒப்பிடுவதற்கும், நாள் சராசரியை வரம்போடு ஒப்பிடுவதற்கும் வைத்துக்கொள்ள வேண்டும். நிமிட அளவை எடுத்து நாள் வரம்போடு ஒப்பிட்டு 'பத்து மடங்கு மாசு' என்று எழுதுவது நல்ல காரியத்தின் நம்பகத்தைக் கெடுத்துவிடும்.

அளந்த பிறகு

மலிவுக் கருவியின் எண்ணை வைத்து யார்மீதும் நடவடிக்கை எடுக்க முடியாது. சட்டம் அங்கீகரிப்பது வாரியம் ஏற்ற முறைகளை மட்டுமே. ஆனால் குப்பை எரிப்பை நிறுத்த மைக்ரோகிராம் கணக்கு தேவையே இல்லை. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் தடை செய்தன. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், எரிப்பவர்களுக்கு 5,000 ரூபாயும் பெருமளவில் எரிப்பவர்களுக்கு 25,000 ரூபாயும் அபராதம் என்று உத்தரவிட்டது. சட்டம் இருக்கிறது, எங்கே, எப்போது என்ற தகவல்தான் இல்லை. மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு 'எங்கள் தெருவில் அடிக்கடிப் புகை வருகிறது' என்று புகார் கொடுத்தால், ஆள் வருவதற்குள் சாம்பல் ஆறிப்போயிருக்கும். 'செவ்வாய், வியாழன் காலைகளில் 5.30-க்கும் 6.15-க்கும் இடையில் இந்தக் காலிமனைப் பக்கமிருந்து' என்று ஒரு மாத வரைபடத்தோடு வார்டு அலுவலகத்துக்குப் போனால் பேச்சே வேறு. எரிப்பது பல நேரங்களில், குப்பையை அள்ளிச்செல்ல வண்டி வராததால் வேறு வழியில்லாத ஏழைத் தூய்மைப் பணியாளராகவே இருப்பார். அபராதத்தை அவர் தலையில் கட்டுவதற்கல்ல, வண்டி வராத நாளைக் கண்டுபிடிப்பதற்கே அந்த வரைபடம் பயன்பட வேண்டும்.

பெரிய மூலங்களுக்கு வேறு வழி வேண்டும். 2019 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம் 2017-ஐ அடிப்படையாக வைத்து 20 முதல் 30 விழுக்காடு குறைப்பை இலக்காகக் கொண்டது. பிறகு அது 2025-26-க்குள் 40 விழுக்காடு என்று உயர்த்தப்பட்டது. சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகியவை இதன்கீழ் வருகின்றன. நகரங்களின் செயல்பாட்டை மதிப்பிட்டு நிதி கொடுக்க இத்திட்டம் எடுத்துக்கொண்ட அளவுகோல் பிஎம் 10. அதனால் என்ன ஆகும்? சாலையைக் கூட்டும் இயந்திரமும் தண்ணீர் தெளிக்கும் லாரியும் வாங்கினால் பெரிய தூசி குறையும், மதிப்பெண் ஏறும். நுரையீரலின் அடிவரை இறங்கும் டீசல் கரியும், நெருப்புப் புகையும், அனல்மின் நிலையத்துக் கந்தகத்திலிருந்து பிறக்கும் சல்பேட்டும் அந்த லாரியின் தண்ணீருக்குக் கட்டுப்படாது. பிஎம் 2.5-ஐ அளவுகோலாக்கினால் பணம் பேருந்துகளுக்கும் குப்பை மேலாண்மைக்கும் மின்நிலையங்களின் கந்தக நீக்கத்துக்கும் போக வேண்டியிருக்கும். அளவுகோலை மாற்றாமல் செலவின் திசையை மாற்ற முடியாது.

குடியிருப்புப் பகுதிகள் வாரியத்திடம் கேட்க வேண்டியவை இரண்டு உண்டு. முதலாவது, நிலையத்தின் மணிக்கு மணி அளவுகள், கருவி பழுதான நாட்களின் விவரத்தோடு, எவரும் பதிவிறக்கிக்கொள்ளும் வடிவில் தமிழிலும் கிடைக்க வேண்டும். ஒரு நிலையம் 24 மணிநேரத்தில் குறைந்தது 16 மணிநேரம் இயங்கினால்தான் குறியீடு கணக்கிடப்படும். காற்று மிக மோசமான நாளில் நிலையம் மௌனமாக இருந்தால் அதற்கான காரணம் மக்களுக்குத் தெரிய வேண்டும். இரண்டாவது, குடியிருப்போர் சங்கங்களும் பள்ளிகளும் தங்கள் கருவியை ஆண்டுக்கு இருமுறை, மழைக்காலத்தில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும், நிலையத்தின் அருகே வைத்து ஒப்பிட்டுக்கொள்ள ஓர் அலமாரியும் ஒரு மின்இணைப்பும். வாரியத்துக்கு இதில் பெரிய செலவில்லை.